மழைத்துளியின் பருமனும் ராடாரின் கணக்கும்

‘சிறு துளி பெரு வெள்ளம்’ என்று சேமிப்புக்கு உவமை கூறுகிறோம். மழையை அளக்கும் விஞ்ஞானிகளுக்கோ அது உவமையன்று, உண்மையான கவலை.

ராடார்க் கருவி மழையை நேரே அளப்பதில்லை. அது அனுப்பும் ரேடியோ அலைகள் மழைத்துளிகளின்மேல் பட்டுத் திரும்புகின்றன. அவ்வாறு திரும்பும் அலையின் வலிமையைக் கொண்டே மழையின் அளவைக் கணிக்கிறோம். சிக்கல் இங்கேதான். 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு துளியின் நீர், 1 மில்லிமீட்டர்த் துளிகள் எட்டின் நீருக்குச் சமம். ஆயினும் அவ்வொரு துளி, அவ்வெட்டும் சேர்ந்து திருப்பும் அலையைப்போல் 8 மடங்கு வலிய அலையைத் திருப்பும். எனவே எல்லா மழைக்கும் ஒரே கணக்கைக் கொண்டால், சில பெருந்துளிகள் பெருமழையாகத் தோன்றும். நுண்துளிகளாய்க் கொட்டும் கனமழையோ குறைவாக மதிக்கப்படும். வெள்ள எச்சரிக்கையும் பிந்திவிடும். பயிரும், தெருவில் விரித்த பாவும் பாழாகும்.

ஆதலின் தரையிலேயே துளிகளை அளத்தல் அவசியமாயிற்று. அமெரிக்காவில் வெர்மாண்ட் மாநிலத்து உழவர் வில்சன் பென்ட்லி, தட்டில் பரப்பிய மாவில் மழைத்துளிகளை ஏந்தி, திரண்ட மாவுருண்டைகளை அளந்து, தம் முடிவுகளை 1904-இல் வெளியிட்டார். பின்னர்க் கனடாவில் மார்ஷலும் பாமரும், சாயம் தோய்ந்த வடிதாளில் துளிகள் இட்ட கறைகளை அளந்து, 1948-இல் ஒரு சூத்திரம் வகுத்தனர். இன்று லேசர் ஒளியைக் கடக்கும் ஒவ்வொரு துளியையும் கருவியே அளந்து எண்ணுகிறது. அவ்வெண்ணிக்கையைக் கொண்டு அந்தந்த வட்டார மழைக்கேற்ப ராடாரின் கணக்கைத் திருத்துகின்றனர்.

மாவுத் தட்டுடன் மழையில் நின்ற ஓர் உழவரின் பொறுமை இக்கலைக்கு முன்னோடியாய் விளங்கியது என்பதில் நாம் பெருமிதம் கொள்ளலாம்.