விற்பவன் யார்? வாங்குபவன் யார்?

1991இல் சோவியத் நாடு சிதறியது. இனித் தேனாறு ஓடும் என்று முதலாளித்துவ ஏடுகள் முழங்கின. ஓடியது எது? மால்டோவாவிலும் உக்ரைனிலும் ஆலைகள் மூடின, சம்பளம் நின்றது. "ஓட்டலில் பரிமாறும் வேலை, கை நிறையக் கூலி" என்று தரகன் வந்தான். எல்லை கடந்ததும் பாஸ்போர்ட்டைப் பிடுங்கினான். வழிச்செலவைக் கடன் என்று எழுதினான். கடன் தீர உடலை விற்கச் சொன்னான்!

அதனால் மாரண்டஹள்ளிக்கு என்ன என்று கேட்கிறீர்களா? தரகனின் பாஷை வேறு, வலை ஒன்றே. மழை பொய்த்தால் ஓசூருக்கும் பெங்களூருக்கும் ரயிலேறிக் கூலிக்குப் போகிறவர்கள் நம் மக்கள்தானே? 'சுமங்கலித் திட்டம்' என்று கல்யாணப் பணத்தைக் காட்டி, இளம்பெண்களைப் பஞ்சாலை விடுதிகளில் அடைத்துவைத்த கதை தமிழ்நாட்டுக் கதையல்லவா? முன்பணம் தந்து அழைத்துப் போகிறவன் எங்கே கொண்டுபோய் விடுகிறான் என்று யார் பார்த்தார்கள்?

சட்டம் உண்டு. மனித வியாபாரத்தை அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவு தடை செய்கிறது. 1956இல் தனிச் சட்டமே வந்தது. 2000ஆம் ஆண்டின் பலெர்மோ உடன்பாடு, ஏமாற்றிப் பெற்ற சம்மதம் சம்மதமே ஆகாது என்கிறது. 2011இல் இந்தியாவும் அதை ஏற்றது. 2024இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவு கடத்துகிறவனையும், 144ஆம் பிரிவு கடத்தப்பட்டவள் என்று அறிந்தே அவளைச் சுரண்டுகிறவனையும் தண்டிக்கிறது. ஆனால் சோதனை நடந்தால் முகத்தை மூடிக்கொண்டு வண்டியேறுகிறவள் பெண்! பணம் கொடுத்தவன் பின்வாசலில் நழுவுகிறான்.

சட்டம் தானே நடக்காது, நடத்த வேண்டும். நம் மாவட்டத்து வாச்சாத்தியில் 1992இல் 18 பெண்களை அரசு ஊழியர்களே சீரழித்தார்கள். தண்டனைத் தீர்ப்பு 2011இல்தான் வந்தது. 2023இல் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஏழை மக்கள் சளைக்காமல் நின்றதால் வென்ற வழக்கு அது.

தோழர்களே! வேலைக்கு ஆள் பிடிக்க வருகிறவனின் பெயரையும், வேலை தரும் இடத்தின் விலாசத்தையும் கேட்டு எழுதிவையுங்கள். போன பெண்ணின் பேச்சு நின்றால் அன்றே காவல் நிலையம் செல்லுங்கள். பெண்களுக்கு 181, சிறுவர்க்கு 1098 என்ற தொலைபேசி எண்களை வீடுதோறும் சொல்லுங்கள். மீண்டு வந்தவளைப் பழிக்கும் வாயை அடக்குங்கள்.

இன்னொன்று, கசந்தாலும் கேளுங்கள். வாங்க ஆளில்லாத சந்தையில் விற்க ஆள் வரமாட்டான். தன் உழைப்பு மலிவாகப் போகிறதே என்று கொடி பிடிக்கும் கை, இன்னோர் உழைப்பாளி வீட்டுப் பெண்ணுக்கு விலை பேசலாமா?