குற்றாலத்துல குளிச்சா தீராது

எங்க தென்காசி பக்கம் வெள்ளைப்படுதுன்னு சொன்னா, "உடம்புச் சூடு, குற்றாலத்துல போய்க் குளி"ன்னு சொல்றதை நானே கேட்டிருக்கேன். கொஞ்சம் வெள்ளைப்படுவது இயல்புதான். நாற்றம், அரிப்பு இருந்தா தொற்றா இருக்கலாம். உறவுக்குப் பிறகோ, மாதவிடாய் நின்ன பிறகோ ரத்தம் பட்டா, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயான்னு டாக்டர்கிட்ட காட்டியே ஆகணும்.

இந்தப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் காரணம் ஹெச்.பி.வி. வைரஸ். உறவு வழியா பரவும். பலருக்குத் தானாவே போயிடும். போகாம தங்கினா, புற்றுநோயா மாற 10, 15 வருஷம்கூட ஆகலாம். அதுவரை அறிகுறியே இருக்காது. அதனாலதான் நல்லா இருக்கும்போதே டெஸ்ட் எடுக்கச் சொல்றாங்க.

டெஸ்ட் ரொம்ப எளிது. நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது வினிகர்ல இருக்கிற அமிலத்தை, கர்ப்பப்பை வாயில தடவி ஒரு நிமிஷம் கழிச்சுப் பார்ப்பாங்க. மாறுபட்ட செல்கள் வெள்ளையா தெரியும். தெரிஞ்சாலே புற்றுநோய்னு அர்த்தமில்ல. அடுத்த பரிசோதனை வேணும், அவ்வளவுதான்.

திண்டுக்கல் மாவட்டத்துல 2000-ல தொடங்கின ஆய்வுல, 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு ஒரே ஒரு முறை இதைச் செய்து, தேவைப்பட்டவங்களுக்குச் சிகிச்சையும் கொடுத்தாங்க. டெஸ்ட் நடக்காத பகுதிகளைவிட அங்க இந்த நோயால வந்த மரணம் 35 சதவீதம் குறைவு.

உங்க வீட்ல 30 தாண்டினவங்க இருக்காங்களா? ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ நீங்களே கூட்டிட்டுப் போங்க.