வானொலிக்கு ஒரு சந்தி நிலையம்

நம் சங்கத்து அன்பர்களில் பலர் நெல்லைச் சீமையிலிருந்தும் நாஞ்சில் நாட்டிலிருந்தும் வந்து ஸ்ரீவராகம், கோட்டைப் பகுதிகளில் குடியேறியவர்கள். ஊரிலிருக்கும் பெற்றோரின் நலனறிய இன்று கைப்பேசி ஒன்றே போதும். ஆயினும் 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் கேரளத்தின் பல இடங்களில் மின்சாரமும் டவரும் செயலற்றுப் போனதை நாம் மறக்கவில்லை. அந்நாட்களில் அமெச்சூர் வானொலி அன்பர்கள் தம் சொந்தக் கருவிகளால் செய்தி சேர்த்தனர். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வீசியபொழுது, வானொலிப் பணிக்காக முன்னரே போர்ட் பிளேர் சென்றிருந்த பாரதி பிரசாத் அம்மையார் செய்த தொண்டும் அத்தகையதே.

இவ்வானொலியில் பேச்சு மட்டுமன்றிக் கணினிச் செய்தியும் செல்லும். செய்தியைச் சிறு பொட்டலங்களாக்கி அனுப்பும் முறையைக் கனடாவின் மான்ட்ரியல் அன்பர்கள் 1978-இல் நடத்திக் காட்டினர். 1981-இல் 44 என்று தொடங்கும் இன்டர்நெட் முகவரிகள், ஏறக்குறைய 1 கோடியே 67 லட்சம், உலக அமெச்சூர்களுக்கென ஒதுக்கப்பட்டன. அவற்றில் கால்பங்கு 2019-இல் விற்கப்பட்டது. எஞ்சியவை இன்றும் அவர்களுக்கே உரியவை.

வானொலியையும் இன்டர்நெட்டையும் இணைக்கும் வாயிலே ரூட்டர். ரயில்வே ஊழியனாகிய எனக்கு இது எளிதில் விளங்கிற்று. 1904-இல் ஓடத் தொடங்கிய கொல்லம் – செங்கோட்டைப் பாதை நெடுங்காலம் மீட்டர் பாதையாயிருந்தது. அகலப் பாதையும் மீட்டர் பாதையும் சந்திக்குமிடத்தில் வண்டி கடக்க இயலாது. சரக்கை இறக்கி, சீட்டைச் சரிபார்த்து, மறு வண்டியில் ஏற்றுவர். ரூட்டர் செய்வதும் அதுவே. அதன் ஒருபுறம் வீட்டு இன்டர்நெட். மறுபுறம் வானொலிப் பெட்டியோடு சேர்ந்த கணினி. எந்த முகவரிக்கு எவ்வழி என்ற பட்டியலை நாம் அதில் எழுதிவைக்க வேண்டும். 44 எண் பொட்டலத்தை வீட்டு இன்டர்நெட் வழியே நேராக அனுப்பினால் அது பெரும்பாலும் போய்ச் சேராது. ஆகவே அதை வேறோர் உறையிலிட்டு, மேலே பொது முகவரி எழுதி அனுப்புவர். மறுமுனையில் மேலுறை நீக்கப்படும். இதற்குச் சுரங்கம் என்று பெயர்.

வாயில் காப்போனுக்குக் கண்டிப்பு வேண்டும். பழைய பொட்டல முறையின் வழக்கமான வேகம் நொடிக்கு 1200 பிட். கைப்பேசியில் எடுத்த 1 மெகாபைட் படம் ஒன்று புகுந்தால் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பாதை அடைபட்டுவிடும். மேலும், அமெச்சூர் அலைகளில் செய்தி மறைவின்றித் தெளிந்த மொழியிலேயே செல்லவேண்டும். வங்கிக் கணக்கு போன்ற பூட்டிட்ட செய்திகளுக்கும் வாணிபத்திற்கும் அங்கே இடமில்லை. ஆதலால் எல்லாவற்றையும் தடுத்துவிட்டுத் தேவையானதை மட்டும் திறப்பதே முறை. மத்திய தொலைத்தொடர்புத் துறையின் தேர்வில் தேறி உரிமம் பெற்றவரே நிலையம் நடத்தலாம். இன்டர்நெட்டுடன் இணைக்குமுன் உரிம நிபந்தனைகளைத் துறையிடம் கேட்டுத் தெளிவதும் கடமையாகும்.

எங்கள் தெருவில் உரிமம் பெற்ற நண்பர் ஒருவர் இருக்கிறார். சென்ற மழைக்காலத்து இரவொன்றில் மின்சாரம் நின்றது. அவருடைய வானொலி 12 வோல்ட் பாட்டரியில் உயிரோடிருந்தது. ரூட்டரோ சுவர் மின்சாரத்தை நம்பியிருந்தமையால் அணைந்துவிட்டது. நாங்கள் சிரித்தோம், பின்னர் சிந்தித்தோம். மறுநாளே ரூட்டருக்குரிய வோல்ட்டையும் நேர், எதிர் முனைகளையும் பார்த்து, ஃப்யூஸ் வைத்து, அதே பாட்டரியில் சேர்த்தார்.

எனினும் இன்டர்நெட்டே அறுந்தால் பாட்டரி என்ன செய்யும்? அவ்வேளையில் 7 மெகாஹெர்ட்ஸ் அலை வானில் பட்டுத் திரும்பி, பகலில் சில நூறு கிலோமீட்டர் செல்லும். மலை கடந்து நெல்லையையும் எட்டும். ஆகவே வாயில் அமைப்போர் நேர்வழியை மறவாது பயிலவேண்டும். சந்தி நிலையம் பெருமைக்குரியதே. ஆயினும் சந்தி மூடிய நாளிலும் வண்டி ஓடவேண்டும் அல்லவா?