பைப் வாத்தியக் குழுவும் நம் தப்புக் குழுவும்

மஸ்கெலியா அப்கொட் பக்கம் ஸ்ட்ராத்ஸ்பே என்று ஒரு தோட்டம் இருக்கிறது. தலவாக்கலையில் ஹொலிரூட், டிக்கோயாவில் டன்கெல்ட், அக்கரப்பத்தனையில் பெல்மோரல். நம் பாட்டன் பூட்டன் இந்தப் பெயர்களைத் தம் வாய்க்கு வந்தபடி மாற்றிச் சொல்லிக்கொண்டாலும், எல்லாமே ஸ்கொட்லாந்து தேசத்துப் பெயர்கள்தான். 1867ல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெயிலரும் அந்த நாட்டுக்காரரே.

இதில் ஸ்ட்ராத்ஸ்பே என்பது அங்கே ஒரு பள்ளத்தாக்கின் பெயர். அந்த மக்கள் ஆடும் ஒரு ஆட்டத்துக்கும், அதற்கு வாசிக்கும் மெட்டுக்கும் அதே பெயர்தான். அந்த மெட்டை வாசிக்கும் பேக்பைப் வாத்தியக் குழுக்களைப் பற்றித்தான் இம்முறை சொல்லப் போகிறோம். "அது தொரைமாருடைய வாத்தியமாச்சே, நமக்கென்ன?" என்று கேட்காதீர்கள். அதை ஊரூராகக் குழு சேர்த்து வாசித்தவர்களில் பெரும்பாலானோர் தொரைமார் அல்ல. நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர்கள், மரம் அறுக்கும் ஆலையில் நின்றவர்கள், பொலிஸ்காரர்கள். வேலை முடிந்து கைகால் கழுவிக்கொண்டு வந்து பழகியவர்கள்.

நாங்கள் தோட்டங்களுக்குப் போகும்போது அடிக்கடி கேட்கும் குறை ஒன்று உண்டு. தப்புக் குழு ஒன்றைப் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து உற்சாகமாக ஆரம்பிக்கிறார்கள். முதல் திருவிழா நல்லபடி நடக்கிறது. அடுத்த திருவிழாவுக்கு ஐந்து பேர்கூட மிஞ்சுவதில்லை. "பழக்கிக் குடுத்தா கொழும்புக்குப் போயிடுறான்" என்பார்கள் பெரியவர்கள். "பெருசுங்க எங்கள அடிக்க விடுறதே இல்ல" என்பார்கள் பிள்ளைகள். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. அந்தச் சுரங்க ஊர்களிலும் இதே பேச்சுத்தான். அவர்கள் அதை எப்படிச் சமாளித்தார்கள் என்பதில் நமக்குப் பிரயோசனம் இருக்கிறது.

முதலில் வாத்தியத்தைப் பார்ப்போம். கக்கத்தில் ஒரு பையை இடுக்கிக்கொண்டு, தோளில் மூன்று குழல் சாய்ந்து கிடக்க ஊதுவது பேக்பைப். வாயால் ஊதும் காற்று பையில் நிரம்பும். கையால் பையை அமுக்க அமுக்க அது குழல்களுக்குப் போகும். கீழே இருக்கும் குழலில் விரல் வைத்து மெட்டு வாசிப்பார்கள். தோளில் உள்ள மூன்றும் ஒரே சுருதியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். கோயிலில் நாதஸ்வரக்காரருக்குப் பக்கத்தில் இருந்து ஒத்து ஊதுகிறவரை வயதானவர்கள் பார்த்திருப்பார்கள். நாதஸ்வரமும் ஒத்தும் ஒரே ஆளின் கையில் இருந்தால் எப்படியோ, அப்படி. மெட்டு வாசிக்கும் குழலில் இருப்பது 9 சுரம் மட்டுமே. சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. பாட்டின் நடுவே ஒரு கணம் நிறுத்தவும் முடியாது.

ஒரு குழுவில் பத்து, பதினைந்து, சில நேரம் இருபதுக்கு மேல் பைப்காரர்கள் இருப்பார்கள். எல்லோரும் ஒரே மெட்டையே வாசிப்பார்கள். இவர்களோடு சின்ன மேளக்காரர்கள் சிலர், குச்சியைச் சுழற்றி அடிக்கும் நடுமேளக்காரர்கள், பெரிய மேளத்துக்கு ஒருவர். தொடக்கத்தில் மேளம் உருண்டு முடியும் அந்தக் கணத்தில் அத்தனை குழலும் ஒன்றாகப் பேச வேண்டும். ஒருத்தர் கண்ணிமைக்கும் நேரம் முந்திவிட்டால் மைதானம் முழுக்கக் கேட்கும். சத்தத்தைக் குறைத்து ஒளிந்துகொள்ளவும் முடியாதே! ஆகவே மூன்று கிழமை பழக வராத ஒருவர் திடீரென்று வந்து நின்றால் அவருக்கும் வெட்கம், மற்றவர்களுக்கும் கோபம். குழு உடைவது பெரும்பாலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. நம் தப்பிலும் அப்படித்தானே? எட்டுப் பேர் அடிக்கும்போது ஒருவர் கை பிந்தினால் ஆடுகிறவனின் கால் நின்றுவிடும்.

இதற்கு அவர்கள் கண்ட வழி, பழகுகிறவர்களுக்குத் தனி வகுப்பு. புதிதாக வரும் பிள்ளையின் கையில் பைப்பைக் கொடுக்கமாட்டார்கள். பை இல்லாத, மெல்லிய சத்தமுள்ள ஒரு சின்னக் குழல் உண்டு. ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம், அதிலேதான் விரல் பழக வேண்டும். இத்தனை மெட்டு மனப்பாடமாக வந்தால்தான் பைப் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். இதில் முக்கியமானது கண்டிப்பு அல்ல. தான் எந்தப் படியில் நிற்கிறோம், அடுத்த படி எது என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரிகிறது. நம் குழுக்களில் ஒரு பையன் இரண்டு வருடம் தப்பைத் தூக்கிக்கொண்டு நடப்பான், நெருப்புக்கு விறகு பொறுக்குவான். எப்போது அடிக்க விடுவார்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். பிறகு அவன் கிரிக்கெட் விளையாடப் போய்விட்டான் என்று குறைபட்டு என்ன பயன்?

படி ஏறிய பிள்ளைக்கு மேடையும் வேண்டும். அங்கே போட்டிகளை நடத்துவதற்கென்று 1930ல் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். அதன் போட்டிகளில் குழுக்களைத் தரம் பிரித்திருக்கிறார்கள். நாலாம் தரத்தில் தொடங்கி முதலாம் தரம் வரை ஏறலாம். வாசிப்பு சரிந்தால் இறக்கியும் விடுவார்கள். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குத் தனிப் பிரிவு. ஒவ்வொரு ஓகஸ்ட் மாதமும் கிளாஸ்கோ நகரத்தில் நடக்கும் உலகப் போட்டியில் குழுக்கள் வட்டமாக, ஒருவரையொருவர் பார்த்து நின்று வாசிக்கும். நடுவர்கள் சுற்றி நடந்து புள்ளி போடுவார்கள். பெரிய குழுக்கள் பல தங்களுக்குள்ளேயே இரண்டாவது குழு ஒன்றையும் சிறுவர் குழு ஒன்றையும் வைத்திருக்கின்றன. முதல் குழுவில் நிற்க முடியாதவன் வீட்டில் குந்தியிருக்கத் தேவையில்லை.

இரண்டு குழுக்களைப் பாருங்கள். கிரேஞ்ச்மவுத் என்ற ஊரில் மரம் அறுக்கும் ஆலை ஒன்றின் பெயரில் மியூர்ஹெட் குழு இருந்தது. 1965 முதல் 1969 வரை தொடர்ந்து ஐந்து வருடம் உலகப் போட்டியில் முதலிடம். அப்படிப்பட்ட குழுவும் 1970களில் கலைந்துபோனது. ஷொட்ஸ் என்ற சுரங்கப் பகுதியில் 1910ல் தொடங்கிய ஷொட்ஸ் அன்ட் டைக்ஹெட் குழுவோ, 1948ல் உலகப் போட்டியில் வென்றது, 2015லும் வென்றது. இடையில் சுரங்கங்கள் மூடப்பட்டு, அந்தத் தொழிலே அங்கே இல்லாமல் போய்விட்டது. 1948ல் வாசித்தவர்களின் இடத்தில் எத்தனை முறை புது ஆட்கள் வந்து நின்றிருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். ஆட்கள் போவதை அவர்களாலும் தடுக்க முடியவில்லை. போகிறவரின் இடத்துக்கு ஒருவர் தயாராக இருந்தார், அவ்வளவுதான். கொழும்புக்குப் போகிற பையனைத் திட்டுவதைவிட, அவன் போகுமுன் இரண்டு தம்பிமாருக்குப் பழக்கிவிட்டுப் போகச் சொல்வது மேல். தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் அவன் ஊருக்கு வராமலா போய்விடுவான்? வரும்போது அவனுக்கு ஒரு தப்பு மிச்சம் இருக்கட்டும்.

சாமான் விசயத்தையும் சொல்ல வேண்டும். பைப் விலை கூடிய வாத்தியம். அதனால் பல குழுக்களில் வாத்தியங்களும் உடுப்புகளும் குழுவுக்கே சொந்தம். வாசிக்கிறவர் கையெழுத்துப் போட்டு எடுப்பார், விலகும்போது திருப்பிக் கொடுப்பார். நம் தோட்டங்களில் தப்பு ஒரு வீட்டு அடுப்புக்கு மேலே தொங்கும். அந்த வீட்டுக்காரரோடு சண்டை வந்தால் குழுவே நின்றுவிடும். வாசிகசாலையிலோ கோயில் அறையிலோ வைத்துப் பூட்டி, சாவி யாரிடம் என்று கொப்பியில் எழுதி வையுங்கள். தோலில் ஈரம் ஏறாமலும் எலி கடிக்காமலும் பார்ப்பது யார் பொறுப்பு என்பதையும் எழுதுங்கள்.

காசு வருமானமும் அப்படித்தான். அங்கே கல்யாணம், சவ அடக்கம், ஜனவரி 25ல் ரொபர்ட் பர்ன்ஸ் என்ற கவிஞரின் பிறந்தநாள் விருந்து, ஊர் விழா என்று பைப் வாசிக்க அழைப்பு வரும். கிடைப்பதில் குழுவுக்கு எவ்வளவு, வாசித்தவருக்கு எவ்வளவு என்பதை முன்பே பேசி வைப்பார்கள். இசைக்குத் தலைவர் ஒருவர், காசுக்கும் கடிதத்துக்கும் வேறு ஆட்கள். நன்றாக வாசிக்கிறவரே கணக்கும் பார்க்க வேண்டும் என்று சட்டமில்லை. நம் பக்கம் நல்ல தப்புக்காரர்கள் சிலர் கெட்ட பெயர் எடுத்தது கையால் அல்ல, கணக்கால்தான்.

எல்லாவற்றையும்விடக் கஷ்டமான கட்டம், ஒருவரை வட்டத்துக்கு வெளியே நிற்கச் சொல்வது. போட்டி நாளில் சுருதி சேராத பைப்காரரை இசைத் தலைவர் விலகி நிற்கச் சொல்லலாம். பெருத்த அவமானமாகத் தோன்றும். ஆனால் அதைச் சபையில் சொல்லாமல் முதல்நாளே தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால், அடுத்த கிழமை பழகுவதற்கும் அவரையே முதலில் கூப்பிட்டால், மனிதர் தங்குவார். வயதாகி விரல் ஓடாதவர்கள் பிள்ளைகளுக்குப் பழக்கலாம். வாசிக்கவே தெரியாத தாய்மாரும் பஸ் பிடிப்பது, உடுப்புத் தைப்பது, தேத்தண்ணி ஊற்றுவது என்று குழுவுக்குள் இருக்கலாம். முன்பு பெரும்பாலும் ஆண்களே நின்ற அந்த வட்டத்தில் இப்போது பெண்கள் பைப்பும் ஊதுகிறார்கள், மேளமும் அடிக்கிறார்கள். நம் பெண்பிள்ளைகளுக்குத் தாளம் வராது என்று எவர் சொன்னாலும் நாங்கள் நம்பமாட்டோம்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் பேச வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் தப்பைத் தொடத் தயங்குவது சோம்பலால் மட்டும் அல்ல. தப்பு என்றால் இன்ன சாதிக்கு, சாவு வீட்டுக்கு என்று ஒதுக்கிவைத்த பழக்கம் லயத்துக்குள் இன்னும் சாகவில்லை. பாடசாலையில் ஒரு சொல் கேட்ட பிள்ளை மறுபடி குச்சியை எடுக்காது. அங்கே பைப்காரர் சவ அடக்கத்துக்கும் வாசிக்கிறார், கல்யாண வாசலிலும் அவரே நிற்கிறார். யாரும் அவரை ஒதுக்குவதில்லை. இங்கே பெரட்டுக்கு ஆள் எழுப்பியதும் தப்புத்தான், தேர் முன்னால் போவதும் காமன் கூத்தில் ரதி மதனை ஆட வைப்பதும் அதே தப்புத்தான். இந்தக் குழுவில் எல்லா வீட்டுப் பிள்ளையும் நிற்க வேண்டும். கோயில் கமிட்டித் தலைவரின் மகனும் ஒரு தப்பை மாட்டிக்கொண்டு நின்றால், அரைவாசிப் பேச்சு அன்றைக்கே அடங்கும். சாவு வீட்டுக்கு மட்டும் ஒரு சிலரை அனுப்பிவிட்டு, மேடைக்கு வேறு ஆட்கள் ஏறுவதும் கூடாது. அழைப்பு எதுவானாலும் முறை வைத்துப் போக வேண்டும்.

பைப் மெட்டுகளை அவர்கள் ஒரு காலத்தில் வாயால் சொற்கட்டாகப் பாடியே சொல்லிக்கொடுத்தார்கள். பிறகு இசைக் குறியீட்டிலும் எழுதி வைத்தார்கள். நம் பெரியவர்களும் அடியை வாயால்தான் சொல்கிறார்கள். சாமி அழைப்புக்கு ஒன்று, கரகத்துக்கு ஒன்று, காமன் பொட்டலுக்கு ஒன்று. எழுதி வைத்தவர் குறைவு. ஒரு தாத்தா போனால் அவரோடு நாலு அடி போய்விடுகிறது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளை ஒன்றை அவர் பக்கத்தில் உட்கார வைத்து, அவர் சொல்லச் சொல்லக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். போனில் பதிவும் செய்யலாம். இரண்டும் இருந்தால் நல்லது.

பழகும் நாள் ஒன்றாக இருக்கட்டும், மாற்றாதீர்கள். ஞாயிறு பின்னேரம் பலருக்கும் தோதுப்படும். சம்பளம் போடும் நாளில் வைத்தால் யாரும் வரமாட்டார்கள். வருகிற மாசியில் காமன் கூத்து வைக்கும் தோட்டங்கள் ஆவணியிலேயே பிள்ளைகளைச் சேர்த்தால் ஆறு மாதம் கையில் கிடைக்கும். முதல் இரண்டு மாதம் தப்பே வேண்டாம். பலகையும் இரண்டு குச்சியும் போதும். தோல் காய்ச்ச வேண்டியதில்லை, பக்கத்து லயத்துக்கும் தொல்லையில்லை.