மேனேஜரிடம் சொல்லாமல் ஊருக்கே சொன்னால்?

2023 செப்டம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. நம்ம நேரப்படி இரவு 9 மணிக்கு ஆர்சனல் – மான்செஸ்டர் யுனைடெட் மேட்ச். முழிச்சிருந்து பார்த்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும். 88-வது நிமிடத்தில் கர்னாச்சோ அடித்த கோல் ஆஃப்சைடு என்று போச்சு, அப்புறம் இன்ஜுரி டைமில் ரைஸும் ஜீசஸும் அடித்து ஆர்சனல் 3-1 என்று ஜெயித்தது. ஆனால் அடுத்த சில நாட்கள் பேச்செல்லாம் அன்றைக்கு பெஞ்சில்கூட இல்லாத ஒருவரைப் பற்றித்தான்: ஜேடன் சான்சோ.

ஏன் சான்சோ இல்லை என்று நிருபர்கள் கேட்டார்கள். பயிற்சியில் அவர் காட்டிய ஆட்டம் போதவில்லை, இந்த கிளப்பில் தினமும் ஒரு தரத்தைத் தொடணும் என்று மேனேஜர் எரிக் டென் ஹாக் பதில் சொன்னார். கொஞ்ச நேரத்தில் சான்சோ எக்ஸ் தளத்தில் ஒரு பதிவு போட்டார். படிப்பதையெல்லாம் நம்பாதீங்க, இந்த வாரம் நல்லாத்தான் பயிற்சி செய்தேன், காரணம் வேற, ரொம்ப நாளாவே என்னை பலிகடா ஆக்குறாங்க என்பது அதன் சாரம்.

பதினோரு நாள் கழித்து, செப்டம்பர் 14 அன்று, ஒழுங்கு விவகாரம் தீரும்வரை சான்சோ முதல் அணியோடு சேராமல் தனியாகப் பயிற்சி செய்வார் என்று கிளப் அறிவித்தது. 2021-ல் 7.3 கோடி பவுண்டு கொடுத்து வாங்கிய ஆட்டக்காரர்!

யார் மேல் தப்பு? என்னைக் கேட்டால், முதல் தப்பு டென் ஹாக் மேல்தான். "இன்றைக்கு வேறு ஆட்களைத் தேர்ந்தெடுத்தேன்" என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். ஒருத்தருடைய பயிற்சி சரியில்லை என்பதை மைக் முன்னாடி சொன்னது அவர். அப்படியிருந்தும் அடி வாங்கியது சான்சோ. அது ஏன் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

ஒரு பிரீமியர் லீக் அணியில் பதிவு செய்யும் மூத்த ஆட்டக்காரர்கள் 25 பேர் வரை. களத்தில் ஆரம்பிப்பது 11 பேர். மீதி 14 பேர் ஒவ்வொரு வாரமும் ஏதோ ஒரு அளவில் கடுப்பில்தான் இருப்பாங்க. அதில் ஒருத்தர் பொதுவெளியில் சண்டை போட்டு, அடுத்த வாரமே இடம் பிடித்துவிட்டார் என்றால் மற்ற 13 பேரும் என்ன கத்துக்குவாங்க? யோசிச்சுப் பாருங்க. அதனால் சான்சோ சொன்னது நூற்றுக்கு நூறு உண்மையாகவே இருந்தாலும் டென் ஹாக்கால் இறங்கி வர முடியாது. இதே குறையை அறைக்குள் சொல்லியிருந்தால், மேனேஜர் ரெண்டு நாள் முறைத்துவிட்டு மூணாம் நாள் சத்தமில்லாமல் மனசை மாத்திக்கலாம். யாருக்கும் தெரியாது, யாருக்கும் மானம் போகாது.

இதற்கு எழுத்திலேயே வழி இருக்கு. பிரீமியர் லீக்கின் நிலையான ஒப்பந்தப் படிவப்படி, ஆட்டக்காரருக்குக் குறை இருந்தால் முதலில் மேனேஜரிடம் சாதாரணமாகச் சொல்லணும். தீரவில்லை என்றால் கிளப் செயலாளருக்கு எழுத்து மூலம், அதற்கும் மேலே நிர்வாகக் குழு. ஊடகத்தில் பேசுவதாக இருந்தால் முன்கூட்டியே கிளப்புக்குத் தெரிவிக்கணும் என்ற விதியும் அதே படிவத்தில் உண்டு. மீறினால் முதல் தடவை பொதுவாக இரண்டு வாரச் சம்பளம் வரை அபராதம். அவங்க சம்பளத்துக்கு அது வலிக்காது. அணியில் இடம் போவதுதான் வலிக்கும்.

சான்சோ கணக்கில் இன்னொரு பெரிய ஓட்டை, தேதி. ஐரோப்பாவின் பெரிய லீக்குகளில் டிரான்ஸ்ஃபர் விண்டோ மூடியது செப்டம்பர் 1. அவர் பதிவு போட்டது செப்டம்பர் 3. வெளியே போற கதவு மூடி ரெண்டு நாள் ஆன பிறகு வீட்டுக்குள்ளே சண்டை! ஜனவரியில் டார்ட்மண்டுக்கு லோனில் போகும்வரை நாலு மாதம் சும்மா நின்றார். அங்கே போனதும் அதே சீசனில் சாம்பியன்ஸ் லீக் ஃபைனல் வரை ஆடினார் என்பது வேற கதை.

ரொனால்டோ இந்தக் கணக்கைச் சரியாகப் போட்டவர். 2022 அக்டோபரில் டாட்டன்ஹாம் மேட்ச்சில் மாற்று ஆட்டக்காரராக இறங்க மறுத்து, ஆட்டம் முடியும் முன்பே கிளம்பிப் போனார். நவம்பரில் பியர்ஸ் மோர்கனிடம் பேட்டி: கிளப் தனக்குத் துரோகம் செய்தது, டென் ஹாக் மேல் மரியாதை இல்லை. உலகக் கோப்பை தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது முதல் துண்டுகள் வெளியாகின. நவம்பர் 22 அன்று ஒப்பந்தம் முடிந்தது. அவர் குறை சொல்ல வரலை, வெளியே போக வந்தார். போய்ட்டார்.

ராய் கீன் கதை இதைவிடக் கொடுமை. 2005 அக்டோபரில் மிடில்ஸ்பரோவிடம் யுனைடெட் 4-1 என்று தோற்றபோது, கேப்டனான அவர் கிளப்பின் சொந்த டிவியிலேயே சக வீரர்களைக் கிழித்தார். அந்த நிகழ்ச்சியை கிளப் ஒளிபரப்பவே இல்லை. ஆனாலும் விஷயம் கசிந்தது, நவம்பர் 18-க்குள் கீன் வெளியே. 1993-லிருந்து ஆடிய மனுஷன்.

தப்பித்தவர் யாருமே இல்லையா? பிலிப் லாம். 2009 நவம்பரில் கிளப்புக்குத் தெரியாமல் ஒரு ஜெர்மன் நாளிதழுக்குப் பேட்டி கொடுத்து, பேயர்ன் மியூனிக் எந்தத் திட்டமும் இல்லாமல் ஆட்களை வாங்குகிறது என்றார். கிளப் அதுவரை யாருக்கும் போடாத அளவு அபராதம் போட்டது. ஆனால் அவரை ஒதுக்கவில்லை; 2011-ல் கேப்டனே ஆக்கியது. அவர் பேசியது தன் இடத்தைப் பற்றி இல்லை, கிளப்பின் போக்கைப் பற்றி. மேனேஜரின் அணித் தேர்வோடும் மோதவில்லை. அந்த சீசனில் லீக், கோப்பை ரெண்டையும் பேயர்ன் ஜெயித்ததும் உதவியிருக்கும்.

சான்சோவும் டென் ஹாக்கும் ஒருவழியாக உட்கார்ந்து பேசி, அவர் அணியோடு பயிற்சிக்குத் திரும்பியது 2024 ஜூலையில். ஆகஸ்டில் கம்யூனிட்டி ஷீல்டில் மாற்று ஆட்டக்காரராக இறங்கி, பெனால்டி ஷூட்-அவுட்டில் கோட்டை விட்டார். அந்த மாதக் கடைசியில் செல்சிக்கு லோன். அக்டோபர் 28 அன்று டென் ஹாக்கையும் கிளப் அனுப்பிவிட்டது.