படகு டிரெய்லரை முன்னாடி மாட்டித் தள்ளினால் என்ன?

இந்த எபிசோடை ஏற்காட்டிலிருந்து பதிவு பண்றேன். பின்னணியில் சில்வண்டு சத்தம் கேட்டால் பொறுத்துக்கோங்க, அதை மியூட் பண்ண இங்கே வழியில்லை.

இன்றைக்கு விஷயம் ஒரு கொக்கி. படகு டிரெய்லரை வண்டியின் பின்னாடி மாட்டி இழுத்துட்டு வருவோம், இல்லையா? தண்ணீர்கிட்ட வந்ததும் அதைக் கழற்றி, முன் பம்பர் பக்கம் இருக்கிற கொக்கியில் மாட்டி, முன்னோக்கி ஓட்டிக்கிட்டே தண்ணீருக்குள் தள்ளுவது. இதற்கு ஃப்ரண்ட் ஹிட்ச் என்று பேர். ரோட்டில் இழுத்துட்டுப் போக இது உதவாது. கடைசி ஐம்பது மீட்டருக்கு மட்டும்தான்.

இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு இதைப் பேச ஒரு காரணம் இருக்கு. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தால் ஏரி. ஏரியைத் தாண்டினால் காபித் தோட்டப் பாதைகள். ஒரு ஜீப் போகிற அகலம், ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் பள்ளம். இங்கே டிரெய்லர் மாட்டின டிராக்டர் ஓட்டுகிற யாரைக் கேட்டாலும், முன்னால போறது பெரிய விஷயமே இல்லை, ரிவர்ஸ்தான் கஷ்டம் என்பார்கள்.

ரிவர்ஸ் எடுக்கும்போது என்ன நடக்குது? டிரைவர் கழுத்தைத் திருப்பி உட்கார்ந்திருப்பார். பின்னாடி ஒருத்தர் நின்று "வரலாம், வரலாம், லெஃப்ட்ல ஒடி, இன்னும் ஒடி" என்று கத்துவார். அந்த ஆள் நிற்கிற இடத்தைக் கவனிச்சிருக்கீங்களா? டிரெய்லருக்கும் தண்ணீருக்கும் நடுவில், பாசி பிடிச்ச சரிவில். கால் வழுக்கினால், அல்லது டிரைவரின் கால் பிரேக்கில் அரை நொடி தாமதமானால், அடிபடப் போவது அவர்தான். முன் கொக்கியின் முதல் லாபம் இதுதான் என்பது என் கருத்து: அவரை அங்கே நிறுத்த வேண்டிய தேவை குறையுது. டிரைவர் தான் போகிற திசையைத் தானே பார்க்கிறார்.

இரண்டாவது லாபம் ஜியோமெட்ரி. கொஞ்சம் கணக்கு, பயப்படாதீங்க.

வண்டி திரும்பும்போது அதன் பின் ஆக்சில் பக்கவாட்டில் நகராது. வண்டி அதைச் சுற்றித்தான் திரும்பும். அதனால் பின் ஆக்சிலிலிருந்து எவ்வளவு தள்ளிப் போறோமோ, அவ்வளவு அதிகம் பக்கவாட்டில் நகர்வோம். ஜீப் மாதிரி ஒரு வண்டி, வீல்பேஸ் 2.4 மீட்டர். பின் கொக்கி பின் ஆக்சிலிலிருந்து 0.9 மீட்டர் தூரத்தில். முன் கொக்கி முன் ஆக்சிலுக்கு 0.9 மீட்டர் முன்னே, அதாவது பின் ஆக்சிலிலிருந்து 3.3 மீட்டர். முன் சக்கரத்தை 10 டிகிரி திருப்பி, வண்டியை ஒரு மீட்டர் நகர்த்துங்க. பின் கொக்கி பக்கவாட்டில் சுமார் 7 சென்டிமீட்டர் நகரும். முன் கொக்கி 24 சென்டிமீட்டர். அதே ஸ்டியரிங், மூன்றரை மடங்கு பலன்.

இது ஏன் முக்கியம்? டிரெய்லரைத் தள்ளும்போது அது நேராக நிற்கவே விரும்பாது. லேசாகக் கோணினால், விட்ட இடத்திலிருந்து இன்னும் கோணும், கடைசியில் முழங்கை மாதிரி மடங்கிடும். கொக்கிக்கும் டிரெய்லர் சக்கரத்துக்கும் தூரம் குறைவாக இருந்தால் இன்னும் சீக்கிரம் மடங்கும்; சின்ன டிரெய்லர்தான் ரொம்பப் படுத்தும். முன் கொக்கி இந்தக் குணத்தை மாற்றாது. ஆனால் மடங்குவதற்குள் பிடித்துத் திருத்த உங்களுக்கு மூன்றரை மடங்கு கை நீளம் கொடுக்குது.

"முன்னாடி மாட்டினால் ஸ்டியரிங் திருப்பின பக்கமே டிரெய்லர் போகும்" என்று சில வீடியோக்களில் சொல்றாங்க. இல்லை. இடது பக்கம் திருப்பினால் கொக்கி இடது போகும், டிரெய்லரின் அந்தப் பக்கத்து முனை வலது போகும். அப்புறம் ஏன் சுலபமாகத் தெரியுது? தள்ளுவண்டிக்காரரை நினைச்சுக்கோங்க. வண்டியின் மூக்கை வலது பக்கம் திருப்ப, கைப்பிடியை இடது பக்கம் தள்ளுவார். யாரும் அவருக்குச் சொல்லித் தரலை, எதிரே பார்க்கிறதால கை தானாகச் செய்யுது. அதே ஆளை முதுகால் வண்டியைத் தள்ளச் சொல்லிப் பாருங்க. பின் கொக்கியில் ரிவர்ஸ் எடுப்பது அதுதான். விமான நிலையத்தில் விமானத்தைப் பின்னுக்குத் தள்ளுகிற டிராக்டர் டிரைவரும் விமானத்தைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருப்பார்.

ஒரு குறை: படகின் மூக்குப் பக்கம்தான் உங்கள் கண்ணாடிக்கு முன்னே வரும். படகு உயரமாக இருந்தால் அதுவே பார்வையை மறைக்கும். சின்னப் படகுக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

சரி, பிடிமானத்துக்கு வருவோம். படகு இறக்கும் சரிவுகளை 12 முதல் 15 சதவீதச் சாய்வில் கட்டுவது வழக்கம். வண்டி 1,700 கிலோ, படகும் டிரெய்லரும் 800 கிலோ, சாய்வு 13 சதவீதம் என்று வைங்க. மேலே ஏற மட்டும் சுமார் 325 கிலோ இழுவை வேணும். காய்ந்த கான்கிரீட்டில் ஒரு ஆக்சிலே இதைக் கொடுத்துடும். பாசியில் கொடுக்காது. பின் சக்கரம் இழுக்கிற வண்டியில் படகைப் பின்னாடி மாட்டினால், இழுக்க வேண்டிய சக்கரமே ஈரத்தில் நிற்கும். முன்னாடி மாட்டினால் அந்தச் சக்கரம் 2.4 மீட்டர் மேலே தள்ளி நிற்கும். உயரத்தில் கிட்டத்தட்ட ஒரு அடி.

இலவசமாக எதுவும் கிடைக்காது. சரிவில் முன்பக்கம் கீழே பார்த்து நிற்பதாலும், டிரெய்லர் மூக்கை அழுத்துவதாலும், பின் சக்கரத்திலிருந்து நூறு கிலோவுக்கு மேல் எடை போயிடும். அதனால் ஃபோர் வீல் டிரைவ் இருந்தால்தான் இது நிஜமாகவே நல்ல ஏற்பாடு. முன் சக்கரம் இழுக்கிற காருக்கு இது வேண்டவே வேண்டாம், அங்கே பின் கொக்கிதான் சரி.

பிரேக் உள்ள டிரெய்லரா என்று பார்த்துக்கோங்க. வண்டி வேகம் குறைக்கும்போது டிரெய்லர் வந்து முட்டுகிற அழுத்தத்தால் தானாகப் பிடிக்கிற பிரேக் ஒரு வகை உண்டு. சமதளத்தில் முன்னாடி மாட்டித் தள்ளினால் அந்த பிரேக், ரிவர்ஸில் பிடிக்கிற மாதிரியே இங்கேயும் பிடிச்சிடும். ரிவர்ஸ் லாக் இருக்கணும்.

அடுத்தது, "சேலத்தில் ஒரு லேத்தில் பம்பரில் வெல்டிங் வெச்சுடலாம்" என்பவர்களுக்கு. வண்டியின் அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கட்டுப்படுத்துது. 2017 டிசம்பரில் மத்திய அரசு கார்களின் முன்னாடி வைக்கிற புல் பார் மீது நடவடிக்கை எடுக்கச் சொன்னதும் இதன் அடிப்படையில்தான். காரோடு வருகிற, திருகி மாட்டும் இழுவை வளையம் இருக்கே, அது நேராக இழுக்க மட்டும். பக்கவாட்டு பாரத்தில் தள்ளினால் வளையும், உடையும்.

நம்ம ஊருக்குப் பொருத்தமான பதில் டிராக்டர். பல டிராக்டர்களில் முன்னாடியே ஒரு பின் போடுகிற இடம் இருக்கும், பாரம் தாங்குமா என்று கம்பெனி புத்தகத்தில் பார்த்துக்கணும். பிரிட்டனில் 1824-இல் தொடங்கிய ஆர்.என்.எல்.ஐ. என்ற உயிர்காப்புப் படகு அமைப்பு, துறைமுகம் இல்லாத கடற்கரைகளில் தண்ணீர் புகாத டிராக்டர்களை வைத்து இதைத்தான் செய்யுது. படகை எதிரே வைத்து அலைக்குள் தள்ளுது.

கடைசியா ஒண்ணு. மலை ஏறி வந்த சூட்டோடு டிரெய்லரைத் தண்ணீரில் இறக்காதீங்க. சக்கர ஹப்பில் உள்ள சூடான காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும், சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே உறிஞ்சிக்கும், கிரீஸ் கெட்டு பேரிங் போயிடும். ஹப்பைக் கையால் தொட்டுப் பாருங்க. சுட்டால், ஒரு டீ குடிச்சிட்டு வாங்க.