வாடகைக்கு விடுமுன் எழுத்தில் வைப்போம்

வாழ்நாள் சேமிப்பைக் கொண்டு ஒரு சிறு வீட்டையோ அனெக்ஸையோ கட்டி, அதன் வாடகையில் முதுமையைக் கழிக்கலாம் என எண்ணுவோர் எமது சமூகங்களில் ஏராளம். வெள்ளவத்தை, தெஹிவளை முதல் யாழ்ப்பாணம், காத்தான்குடி வரை இத்தகையோரைக் காணலாம். வட்டியை விலக்கி வாழும் முஸ்லிம் மக்களுக்கும் வாடகை மனச்சாட்சிக்கு உகந்த வருமானமாகும்.

எனினும், வீடு கட்டும்போது சீமெந்துக்கும் கம்பிக்கும் விலை விசாரித்து அலையும் நாம், அதனை வாடகைக்குக் கொடுக்கும்போது மட்டும் வாய்ப்பேச்சோடு நின்றுவிடுகின்றோம். “தெரிந்தவர்தானே, எழுத்து எதற்கு?” என்ற எண்ணமே பிற்காலப் பிணக்குகள் பலவற்றுக்கு வித்தாகின்றது.

1840 ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, நொத்தாரிசு ஒருவரின் முன்னிலையில் இரு சாட்சிகளுடன் எழுதப்படல் வேண்டும். முத்திரை ஒட்டிய தாளில் இரு தரப்பினரும் கைச்சாத்திட்டால் இரண்டாண்டுக் குத்தகை செல்லுபடியாகும் என்பது தவறான நம்பிக்கையாகும். மாதாந்த வாடகையாயின், அதனை முடிவுறுத்த ஒரு முழு மாத முன்னறிவித்தல் கொடுக்கப்பட வேண்டும்.

1972 ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் குடியிருப்பாளருக்கு வலுவான பாதுகாப்பை அளித்தது. பின்னர் செய்யப்பட்ட திருத்தங்களால் பல வீடுகள் அதன் வரம்பிலிருந்து நீங்கின. தமது வீடு எந்நிலையில் உள்ளது என்பதைச் சட்டத்தரணி ஒருவரிடம் முன்கூட்டியே கேட்டறிதல் நன்று. குத்தகைக்குக் கொடுத்த கட்டடத்தின் உடைமையை மீளப் பெறுவதை இலகுவாக்க 2023 இல் தனிச் சட்டம் ஒன்றும் நிறைவேற்றப்பட்டுள்ளது. அதன் பயனும் முறையான ஆவணம் உள்ளவருக்கே கிட்டும்.

வாடகை நிலுவையானால் நீரையும் மின்சாரத்தையும் துண்டிப்பதும், பூட்டை மாற்றுவதும் ஒருபோதும் கூடாது. பலவந்தமாக வெளியேற்றப்பட்டவர், சமாதானக் குலைவுக்கு இடமுள்ள பிணக்கில், இரு மாதங்களுக்குள் நீதிமன்றின் முன் வந்து மீண்டும் உடைமை பெறுவதற்கு 1979 ஆம் ஆண்டின் ஆரம்ப நீதிமன்றங்கள் தொடர்பான சட்டம் வழிசெய்கின்றது. அவசரப்படுபவர் தம் நியாயத்தையும் இழந்துவிடுவார்.

கணக்கையும் நேர்மையாகப் பார்த்தல் வேண்டும். ஒரு கோடி ரூபா பெறுமதியான வீட்டுக்கு மாதம் 40,000 ரூபா வாடகை எனக் கொள்வோம். ஆண்டு வருமானம் 4,80,000 ரூபா. ஒரு மாதம் வீடு வெறுமையாகக் கிடந்து, சோலைவரிக்கும் திருத்த வேலைகளுக்கும் 60,000 ரூபா செலவானால் எஞ்சுவது 3,80,000 ரூபா, அதாவது 3.8 வீதம் மாத்திரமே. கடன் வாங்கிக் கட்டுவோர் இதனை இருமுறை சிந்திக்க வேண்டும். வருமான வரியில், வாடகை வருமானத்தின் 25 வீதம் திருத்தம், பராமரிப்பு ஆகியவற்றுக்கான நிவாரணமாகக் கழிக்கப்படுகின்றது. தனிநபருக்கான வருடாந்த வரிவிலக்கு எல்லை 2025 ஏப்ரலிலிருந்து 18 இலட்சம் ரூபாவாகும்.

வீட்டைக் கையளிக்கும் நாளில் மின், நீர் மானிகளின் அளவையும், சுவர், கதவு, குழாய்களின் நிலையையும் எழுதி இருவரும் ஒப்பமிடல் வேண்டும். கட்டணப் பட்டியல் உரிமையாளர் பெயரில் இருந்தால், நிலுவையும் அவர் தலையிலேயே விழும். முற்பணத்துக்கும் மாத வாடகைக்கும் பற்றுச்சீட்டு வழங்குவது இரு தரப்புக்கும் காவலாகும். முற்பணம் திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம் என்பதை மறந்து செலவிட்டுவிடலாகாது.

போர்க்காலத்தில் கொழும்பில் ஓர் அறைக்காகக் கதவு கதவாகத் தட்டியோர் எம்மிடையே பலர் உள்ளனர். பெயரையும் ஊரையும் கேட்டதும் மூடப்பட்ட கதவுகளை அவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இன்று வீட்டுக்காரராக நிற்பவர் அந்நினைவை மனதிற் கொள்ளல் வேண்டும். தெளிவான உடன்படிக்கை, குடியிருப்பவர் மீதுள்ள ஐயத்தின் வெளிப்பாடன்று. வீட்டுக்காரரின் உழைப்பையும் குடியிருப்பவரின் நிம்மதியையும் ஒருங்கே காப்பது அதுவேயாகும்.